பழைய பிரிட்டிஷ் ராக் குழுக்களில் எதைப் பிடித்துக்கொள்வது?

நீங்கள் கேட்டிருப்பது இது: பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், லெட் செப்பலின், பிங்க் ஃப்ளாய்ட், குயின் ஆகிய ஐந்தில் எது சிறந்தது? நண்பர்கள் ஆளுக்கொன்றைச் சொல்லிச் சண்டை போடுகிறார்கள். இளையராஜா பாட்டு கேட்டு வளர்ந்த உங்களுக்கு ஒவ்வொரு குழுவிலும் இரண்டு மூன்று பாட்டு பிடித்திருக்கிறது, ஆனால் "இது என் குழு" என்று சொல்லும்படி எதுவும் ஒட்டவில்லை என்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. எது பெரிய குழு என்பது ஒன்று, எது உங்களுக்கு ஒட்டும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குத் தேதியும் சான்றும் வைத்து ஓரளவு பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு, எப்படிக் கேட்டுப் பார்ப்பது என்றுதான் சொல்ல முடியும். உங்களுக்கு வேண்டியது அந்த இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். நான் பல வருடங்களாக மேடையில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன், பிள்ளைகளுக்குக் கற்றும் கொடுக்கிறேன். எந்தப் பாட்டைப் போட்டாலும் என் காது முதலில் பேஸுக்கும் டிரம்ஸுக்கும்தான் போகும். இனி சொல்லப்போவதில் அந்தச் சாய்வு இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். யாருடைய தாக்கம் பெரியது என்று கேட்டால் பீட்டில்ஸ். இதில் வாதாட அதிகம் இல்லை. லிவர்பூலிலிருந்து வந்த இந்த நால்வரும் 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் தங்கள் முதல் ஆல்பத்தின் 14 பாட்டுகளில் 10 பாட்டுகளை லண்டன் ஈஎம்ஐ ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். மேடையில் வாசிப்பதை அப்படியே டேப்பில் பிடிப்பதுதான் அன்றைய வழக்கம். மூன்றே வருடம் கழித்து, 1966இல், அதே ஸ்டூடியோவில் 'ரிவால்வர்' ஆல்பத்தைச் செய்தபோது ஸ்டூடியோவே அவர்களுக்கு ஒரு வாத்தியமாக ஆகிவிட்டது. டேப்பைப் பின்னோக்கி ஓட்டினார்கள், துண்டு டேப்புகளை வளையமாக ஒட்டிச் சுழல விட்டார்கள், பேஸ் டிரம்முக்குள் கம்பளிச் சட்டையைத் திணித்து மைக்கை மிக அருகில் கொண்டுபோய் வைத்தார்கள். ஜெஃப் எமெரிக் என்ற ஒலிப்பதிவாளருக்கு அப்போது இருபது வயதுதான். அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு கிட்டத்தட்ட முழுவதும் ஒரே கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டில்) நிற்கிறது, தம்புராவின் சுருதி மேல் பாடுவதுபோல. அதே வருடம் ஆகஸ்ட் மாதம் சான் ஃபிரான்சிஸ்கோவில் கடைசிக் கட்டணக் கச்சேரியை முடித்துவிட்டு, மேடைச் சுற்றுப்பயணத்தையே விட்டுவிட்டார்கள். உலகத்திலேயே அதிகம் கூட்டம் சேர்த்த குழு மேடையை விட்டு இறங்கி ரெக்கார்டிங்கே எங்கள் வேலை என்று சொன்னது பெரிய திருப்பம். பிற்பாடு பிங்க் ஃப்ளாய்டும் குயினும் மாதக்கணக்கில் ஸ்டூடியோவில் உட்கார முடிந்ததற்கு அந்த வழிதான் காரணம்.

அடுத்து, அடிக்கடி உறுதியாகச் சொல்லப்பட்டாலும் உண்மையில் உறுதியில்லாதவை. விற்பனை எண்ணிக்கையை வைத்து வரும் சண்டையில் இறங்காதீர்கள். "இத்தனை கோடி விற்றது" என்ற எண்களில் பெரும்பாலானவை ரெக்கார்டு கம்பெனிகள் சொன்னவை, ஒன்றோடொன்று பொருந்தாதவை. வாரப் பட்டியல்களை ஓரளவு நம்பலாம்: பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1973 முதல் 1988 வரை அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 741 வாரங்கள் இருந்தது. "முதன்முதலில் செய்தவர் யார்" என்ற வாதமும் இப்படித்தான். ராக்கில் இந்திய ஒலியைக் கொண்டுவந்தது 'நார்வீஜியன் வுட்' பாட்டில் பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் வாசித்த சிதார் என்பார்கள். அந்தப் பாட்டு வெளிவந்தது 1965 டிசம்பர். ஆனால் அதே வருடம் ஜூலையிலேயே கிங்க்ஸ் குழு தம்புரா மாதிரி இரையும் கிட்டாரோடு 'சீ மை ஃபிரெண்ட்ஸ்' பாட்டை வெளியிட்டுவிட்டது. ஆஸ்திரேலியா போகும் வழியில் பம்பாயில் தங்கியபோது, விடியற்காலையில் மீனவர்கள் பாடிக்கொண்டு வேலைக்குப் போனதைக் கேட்டதுதான் அந்தப் பாட்டுக்கு விதை என்று அதை எழுதிய ரே டேவிஸ் சொல்லியிருக்கிறார். அதற்கும் முன்னால் யார்ட்பேர்ட்ஸ் குழு சிதாரை வரவழைத்து ஒரு பாட்டைப் பதிவு செய்து பார்த்து, திருப்தியில்லாமல் கடைசியில் ஜெஃப் பெக்கின் கிட்டாரிலேயே அந்த ஒலியைக் கொண்டுவந்தது. ஆக, முதல் ஆள் யார் என்று தேடிப் போனால் ஒரே வருடத்தில் பலர் ஒரே பக்கம் திரும்பியது தெரியும், அவ்வளவுதான்.

சரி, இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வழி ஒன்று உண்டு: ஒரு குழுவைக் கேட்கும்போது "இந்தக் குழுவில் பாட்டை இழுத்துக்கொண்டு போவது யார்?" என்று கேளுங்கள். ராக் குழு என்றாலே பாடகர் முன்னால், டிரம்ஸும் பேஸும் பின்னால் தாளம் பிடிப்பவர்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த நல்ல குழுக்கள் எதிலும் அப்படி இல்லை. ஒவ்வொன்றிலும் பாரம் வேறு ஆளின் மேல் இருக்கிறது. அது யார் மேல் என்று தெரிந்ததும் அந்தக் குழுவின் பாட்டுகள் திறந்துகொள்ளும். உங்கள் காது இயல்பாக எந்த ஆளைப் பின்தொடர்கிறதோ, அவர் பாரம் சுமக்கும் குழுவே உங்களுக்கு ஒட்டும்.

ரோலிங் ஸ்டோன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கேட்பவர்கள் மிக் ஜாகரைக் கவனிப்பார்கள், "என்ன பெரிய குரல் இது" என்று விட்டுவிடுவார்கள். குழுவை இழுப்பது கீத் ரிச்சர்ட்ஸின் ரிதம் கிட்டார். 1960களின் கடைசியில் அவர் ஒரு காரியம் செய்தார்: கிட்டாரின் தடித்த ஆறாவது கம்பியைக் கழற்றிவிட்டு, மிச்சமிருந்த ஐந்து கம்பிகளையும் வெறும் கம்பியாக மீட்டினாலே ஜி மேஜர் கார்ட் வரும்படி சுருதி மாற்றிக்கொண்டார். பழைய புளூஸ் கலைஞர்களிடமிருந்து வந்த சுருதி அது. ஓரிரு விரல்களை வைத்து எடுத்தாலே கார்ட் மாறும், நடுவில் வெற்றுக் கம்பிகள் முழங்கிக்கொண்டே இருக்கும். 'ஹாங்கி டாங்க் விமன்', 'ஸ்டார்ட் மீ அப்' இரண்டிலும் கேட்பது அந்தக் கிட்டார்தான். சாதாரணச் சுருதியில் அதே கார்டுகளை வாசித்தால் அந்தச் சுவை வராது, நானே பலமுறை வகுப்பில் இரண்டு விதமாகவும் வாசித்துக் காட்டியிருக்கிறேன். டிரம்மர் சார்லி வாட்ஸ் ஜாஸ் மனிதர். மற்றக் குழுக்களில் கிட்டார் டிரம்ஸைப் பின்தொடரும், இங்கே டிரம்ஸ் கிட்டாரைப் பின்தொடர்கிறது. ஸ்நேர் என்ற நடு டிரம்மை அடிக்கும் கணத்தில் வாட்ஸ் ஹை-ஹேட் என்ற ஜோடித் தாளத் தட்டை அடிக்காமல் கையைத் தூக்கிவிடுவார். அந்தச் சின்ன இடைவெளியால் அடி தனியாக விழும், தாளம் கொஞ்சம் மூச்சு விடும். 'ஹாங்கி டாங்க் விமன்' தொடங்கும் வேகத்தையும் முடியும் வேகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், முடிவில் நன்றாகவே வேகம் கூடியிருக்கும். வேகம் மாறாத கம்ப்யூட்டர் கிளிக்குக்கு வாசித்துப் பழகிய இன்றைய பிள்ளைகள் இதைத் தப்பு என்பார்கள். எனக்கு அது உயிர். இவர்களைக் கேட்க 1968 முதல் 1972 வரை வந்த நான்கு ஆல்பங்கள் போதும்: 'பெக்கர்ஸ் பான்க்வெட்', 'லெட் இட் பிளீட்', 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்', 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்'. கடைசியாகச் சொன்னதில் பெரும்பகுதி தெற்கு பிரான்சில் ரிச்சர்ட்ஸ் வாடகைக்கு எடுத்திருந்த மாளிகையின் நிலவறையில், வெளியே நிறுத்திய ரெக்கார்டிங் லாரியைக் கொண்டு பதிவானது. ஒலி கலங்கலாக இருக்கும். முதல் தடவை பிடிக்காமல் போகலாம், அதனால் அதைக் கடைசியில் வையுங்கள்.

லெட் செப்பலினில் பாரம் டிரம்மர் ஜான் பானம் மேல். ஜிம்மி பேஜின் கிட்டாரைப் பற்றி எழுதாதவர் இல்லை, ஆனால் பேஜே டிரம்ஸுக்கு இடம் விட்டுத்தான் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) எழுதினார். 1971இல் வந்த நான்காவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் அந்த டிரம்ஸ் ஒலி எப்படி வந்தது என்பது எங்கள் தொழிலில் பாடமாகவே சொல்லப்படுகிறது. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீடு. பானத்தின் டிரம்ஸை வாசல் கூடத்தில் வைத்துவிட்டு, ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் இரண்டே இரண்டு மைக்குகளை மாடிப்படி வழியாக மேலே கட்டித் தொங்கவிட்டார். டிரம்ஸ் அருகே எதுவும் இல்லை. நாம் கேட்பது அந்த உயரமான கூடத்தின் எதிரொலி. பின்னாளில் ஹிப்-ஹாப் கலைஞர்கள் அந்தச் சில நொடிகளை எடுத்து எத்தனையோ பாட்டுகளுக்கு அடித்தளமாக்கினார்கள். இதே குழுவின் 'காஷ்மீர்' பாட்டைத் தாளம் போட்டுக் கேளுங்கள். டிரம்ஸ் நான்கு நான்காக எண்ணும், மேலே கிட்டாரும் மற்ற வாத்தியங்களும் மூன்று மூன்றாக நகரும், 12 எண்ணிக்கைக்கு ஒருமுறை இரண்டும் கூடும். சதுஸ்ரத்தின் மேல் திஸ்ரம் கேட்டுப் பழகிய நம் காதுக்கு இது உடனே பிடிபடும். மற்றபடி அந்தப் பாட்டில் காஷ்மீர் எதுவும் இல்லை. பாடகர் ராபர்ட் பிளாண்ட் வரிகளை எழுதியது மொராக்கோ பாலைவனச் சாலையில் போன அனுபவத்தை வைத்து.

இவர்களைப் பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் குழுக்கள் எல்லாமே அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் புளூஸிலிருந்து வளர்ந்தவை. ரோலிங் ஸ்டோன்ஸ் பெயரே மடி வாட்டர்ஸ் பாட்டிலிருந்து எடுத்தது, பிங்க் ஃப்ளாய்ட் பெயர் பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு புளூஸ் கலைஞர்களின் பெயர்களைச் சேர்த்தது. கடன் வாங்கியதில் தவறில்லை, ஆனால் செப்பலின் சில சமயம் யாரிடமிருந்து வாங்கியது என்று போடவில்லை. 'ஹோல் லாட்டா லவ்' பாட்டுக்காக வில்லி டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்தார், சமரசம் ஆகி, பிறகு அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்டு' பாட்டுக்கும் ஜேக் ஹோம்ஸ் தொடுத்த வழக்கு 2012இல் சமரசத்தில் முடிந்தது. மேலே சொன்ன மாடிப்படி டிரம்ஸ் பாட்டு 1929இல் கான்சாஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் பதிவு செய்தது, 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றியது. அதில் மெம்ஃபிஸ் மின்னியின் பெயரை முதலிலிருந்தே போட்டிருந்தார்கள். உங்கள் நண்பர் யாராவது "செப்பலின் எல்லாம் திருட்டு" என்று சொன்னால், வழக்குகள் உண்மை, ஆனால் அந்த டிரம்ஸையும் அந்த ஒலியையும் யாரிடமும் எடுக்க முடியாது என்பதும் உண்மை என்று சொல்லுங்கள். நான் இரண்டையும் சேர்த்துத்தான் அவர்களைக் கேட்கிறேன்.

பிங்க் ஃப்ளாய்டில் எந்த ஒரு வாத்தியமும் இழுப்பதில்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் உள்ள வெளிதான் இழுக்கிறது. தனிப்பாட்டாகக் கேட்டால் இவர்கள் ஒட்டவே மாட்டார்கள், உங்களுக்கு நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். 'டார்க் சைட்' ஆல்பத்தை 43 நிமிடமும் நிறுத்தாமல் கேளுங்கள். அதில் 'மணி' பாட்டு ஏழு எண்ணிக்கையில் போகிறது, நாணயச் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும் ஒட்டிய டேப் வளையம் உட்பட. மிஸ்ரசாபு கேட்டவர்களுக்கு அதில் சிரமம் இருக்காது. கிட்டார் தனி வந்ததும் நான்குக்கு மாறிவிடும், அந்த இடத்தில் கிடைக்கும் விடுதலையைக் கவனியுங்கள். அதற்கு முந்தைய பாட்டில் வார்த்தையே இல்லாமல் ஒரு பெண் குரல் கதறும். கிளேர் டோரி என்ற பாடகி, கூலி 30 பவுண்டு. அது வெறும் பாடல் இல்லை, நானும் சேர்ந்து இயற்றியது என்று அவர் பின்னாளில் வழக்குப் போட்டு, 2005இல் இயற்றியவர்களில் ஒருவராகப் பெயர் பெற்றார். அந்தத் தீர்வு நியாயமானது. அந்தப் பாட்டில் அவர் குரலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பியானோ கார்டுகள்.

குயினில் குரல்கள். ஃபிரெடி மெர்குரி ஒருவர் மட்டும் என்று நினைக்காதீர்கள். மெர்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர் மூவரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று பாடி, மறுபடி பாடி, அடுக்கடுக்காகச் சேர்த்த கூட்டுக்குரல்தான் குழுவின் அடையாளம். 1975இன் 'பொஹீமியன் ராப்சடி' பாட்டின் ஓபரா பகுதியில் 180 குரல் அடுக்குகள் என்பார்கள், அந்த எண்ணை நான் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன், ஆனால் 24 ட்ராக் (தனிப் பதிவுத் தடம்) கொண்ட டேப்பில் அத்தனையையும் திரும்பத் திரும்பச் சுருக்கி ஏற்றியது உண்மை. மே வாசிக்கும் கிட்டார், பள்ளி வயதில் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே செய்தது, கழுத்துப் பகுதிக்குப் பழைய கணப்படுப்பின் மரம். கம்பியை மீட்டும் பிக்குக்குப் பதில் ஆறு பென்ஸ் நாணயம். மெர்குரி சான்சிபாரில் பிறந்து மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்தவர், முதல் குழுவையும் அங்கேதான் அமைத்தார். குயின் கேட்க எளிது, முதல் நாளே பிடிக்கும். எனக்கு அதில் ஒரு குறை உண்டு: எல்லாம் அத்தனை நேர்த்தியாக அடுக்கப்பட்டிருப்பதால், பத்தாவது முறை கேட்கும்போது புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. இது ரசனை, உண்மை என்று வாதிட மாட்டேன். 1985 ஜூலை 13 லைவ் எய்ட் கச்சேரியில் வெம்ப்லி மைதானத்தில் அவர்கள் வாசித்த இருபது நிமிடத்தைப் பார்த்தால் என் குறை உங்களுக்குப் பொருட்டாகத் தெரியாமல் போகலாம்.

பீட்டில்ஸுக்குத் திரும்புகிறேன். அங்கே பாரம் மெட்டின் மேல், அதிலும் இரண்டு இடத்தில் மெட்டு ஓடும்: மேலே குரலில், கீழே பால் மெக்கார்ட்னியின் பேஸில். இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் வெறும் தாளத்துக்கு நிற்காமல் அடியில் தனியாக ஒரு மெட்டு பாடிக்கொண்டு போகும் இல்லையா, அதைக் கவனித்துக் கேட்டவர் நீங்கள் என்றால் உங்களுக்கு மெக்கார்ட்னி அன்றே பிடித்துப்போவார். 1966க்கு முன் பிரிட்டிஷ் ரெக்கார்டுகளில் பேஸ் அடங்கித்தான் இருக்கும், ஊசி குதித்துவிடும் என்று கம்பெனி பயப்படும். அந்த வருடம் ஒரு பாட்டுக்குப் பெரிய ஸ்பீக்கரையே மைக்காக மாற்றி வைத்து பேஸைப் பதிவு செய்து பார்த்தார்கள். 1969இல் ஹாரிசனின் 'சம்திங்' பாட்டில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேளுங்கள். பாடகருக்குப் பதில் சொல்லிக்கொண்டே போகும். சில மாணவர்கள் இந்த ஒரு பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் பேஸ் கற்க வந்தார்கள்.

உங்கள் பட்டியலில் மூன்று பெயர்கள் விட்டுப்போயிருக்கின்றன, அவற்றைச் சேர்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். ஒன்று பிளாக் சபாத். பர்மிங்காம் தொழிற்சாலைப் பையன்கள். கிட்டாரிஸ்ட் டோனி அயோமி இடக்கைக்காரர். தகரத் தொழிற்சாலை இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார், வயது 17. பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்துகொண்டு, மெல்லிய கம்பிகள் போட்டு வாசித்தார். பிற்பாடு 1971 ஆல்பத்தில் சுருதியையே மூன்று அரைச்சுரம் இறக்கிக் கம்பிகளைத் தளர்த்திக்கொண்டார். இறக்கிய சுருதியின் அந்தக் கனம் இன்றுவரை ஹெவி மெட்டலின் அடையாளமாக இருக்கிறது. ஹெவி மெட்டலைத் தொடங்கியது இவர்களா என்ற விவாதம் தீராது, ஆனால் 1970 பிப்ரவரி 13இல் வந்த முதல் ஆல்பத்துக்குப் பிறகு அந்த இசை எப்படி ஒலிக்கும் என்பதில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை.

இரண்டாவது கிங்க்ஸ். 1964இல் தம்பி டேவ் டேவிஸ் ஒரு சின்ன ஆம்பின் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டியின்) ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கீறிவிட்டு வாசித்த கரகர ஒலி, ராக் கிட்டாரின் போக்கையே மாற்றியது. ஆனால் குழுவை இழுப்பது அண்ணன் ரே எழுதிய வரிகள். அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தோடு ஏற்பட்ட தகராறில் 1965 முதல் 1969 வரை அவர்களுக்கு அமெரிக்க மேடைகள் மூடிக்கிடந்தன. மற்றக் குழுக்கள் அமெரிக்காவைப் பாடியபோது இவர் லண்டன் புறநகர்த் தோட்டங்களையும் பழைய ஊர்த் திடலையும் பாடினார். 'வில்லேஜ் கிரீன்' ஆல்பம் 1968 நவம்பர் 22 அன்று வந்தது, அதே நாளில் பீட்டில்ஸின் வெள்ளை ஆல்பமும் வந்தது. கிங்க்ஸ் ஆல்பம் பட்டியலிலேயே ஏறவில்லை. பெரியது எது என்பதும் நல்லது எது என்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. ஆங்கில வரிகளை நிதானமாகப் படிக்கப் பிடிக்குமென்றால் நீங்கள் இங்கேயே தங்கிவிடலாம்.

மூன்றாவது தி ஹூ. என் குழு எது என்று கேட்டீர்களானால் இதுதான், தயங்காமல் சொல்வேன். இங்கே எல்லாமே தலைகீழ். பீட் டவுன்ஷெண்ட் கிட்டார் வாசிப்பவர், ஆனால் தாளத்தைப் பிடிப்பது அவர்தான், கனமான கார்டுகளால் எண்ணிக்கையைக் காத்துக்கொடுப்பார். கீத் மூன் டிரம்மர், ஆனால் ஹை-ஹேட்டில் ஒழுங்காக எண்ணிக்கொண்டிருக்க மாட்டார், பாடகர் பாடும் வரியோடு சேர்ந்து டிரம்ஸெல்லாம் உருண்டு போவார். ஜான் என்ட்விஸில் பேஸ் வாசிப்பவர், ஆனால் தனி வாசிப்பது அவர். பிரெஞ்சு ஹார்ன் கற்றவர், பேஸில் கணீரென்ற ஒலி வர வேண்டும் என்று ரோட்டோசவுண்ட் கம்பெனியோடு உட்கார்ந்து புதுவகைக் கம்பிகளையே உருவாக்க வைத்தவர். 1965இல் 'மை ஜெனரேஷன்' பாட்டில், கிட்டார் தனி வர வேண்டிய இடத்தில் பேஸ் தனி வருகிறது. அன்று ஒரு ஹிட் பாட்டில் அப்படிக் கேட்பது அரிது. இவர்களும் சத்தம் போதவில்லை என்று மேற்கு லண்டனில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலை நச்சரித்ததால்தான் 100 வாட் மார்ஷல் ஆம்ப் பிறந்தது. 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூடத்தில் வாசித்த கச்சேரி 'லைவ் அட் லீட்ஸ்' என்ற ஆல்பமாக வந்திருக்கிறது. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள்: பேஸ் இடது காதில், கிட்டார் வலது காதில். மூன்று வாத்தியம், ஒரு பாடகர், அவ்வளவுதான் மேடையில். ஒரே நேரத்தில் மூவரும் மூன்று பக்கம் ஓடுகிறார்கள், ரோஜர் டால்ட்ரியின் குரல் நடுவில் நின்று அத்தனையையும் ஒன்றாகப் பிடிக்கிறது. எந்தக் கணத்திலும் குலைந்துவிடும் போலிருந்தும் குலையவே இல்லை. 1978இல் மூன் இறந்த பிறகும் குழு தொடர்ந்தது, நல்ல டிரம்மர்கள் வந்தார்கள், ஆனால் அந்த ஆபத்து திரும்பவில்லை. இது பேஸ் வாசிக்கிறவனின் தேர்வு என்பதை மறக்காதீர்கள். குரலுக்காகக் கேட்பவருக்கு இந்த ஆல்பம் ஒரே இரைச்சலாகத் தோன்றலாம்.

என் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் குழுக்களை அவர்களுடைய நல்ல காலத்தில் நேரில் பார்த்தவனில்லை, ரெக்கார்டும் வீடியோவும்தான் என் சாட்சி. யெஸ், ஜெனிசிஸ், கிங் கிரிம்சன் போன்ற புரோக்ரெசிவ் குழுக்களில் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு ஊறியவனும் இல்லை. கர்நாடக இசையில் கணக்கு வழக்கோடு பழகியவர்கள் அங்கே எனக்குக் கிடைக்காததைக் கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு. டீப் பர்ப்பிளைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஜான் லார்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்பில் செருகி வாசித்த ஒலிக்காகவே தனிப் பதில் எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

எப்படித் தொடங்குவது என்று கேட்டால், ஆப்பில் வரும் "சிறந்த 50 பாடல்கள்" பட்டியலை விட்டுவிடுங்கள். அதில் ஐந்து குழுவும் ஒரே குழு மாதிரி கேட்கும். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு ஆல்பம், முழுதாக, வரிசை மாற்றாமல். முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாவது தடவை ஒரே ஒரு ஆளை மட்டும் பின்தொடருங்கள்: செப்பலினில் டிரம்ஸ், ஸ்டோன்ஸில் ரிதம் கிட்டார், பீட்டில்ஸில் பேஸ், குயினில் பின்குரல்கள். மூன்றாவது தடவை, வேறு வேலை செய்துகொண்டே ஓடவிடுங்கள், எந்த இடத்தில் கை நிற்கிறது என்று பாருங்கள். வரிசை கேட்டால் 'ரிவால்வர்', 'லெட் இட் பிளீட்', செப்பலினின் நான்காவது ஆல்பம், 'டார்க் சைட்', குயினின் 'எ நைட் அட் தி ஓபரா', கடைசியில் லீட்ஸ். நடுவில் ஏதாவது ஒன்று பிடித்துக்கொண்டால் அடுத்ததற்குப் போகாதீர்கள், அந்தக் குழுவின் மற்ற ஆல்பங்களுக்குள் இறங்கிவிடுங்கள்.

அப்புறம், கேட்கும் பதிப்பு முக்கியம். பீட்டில்ஸின் ஆரம்ப ஆல்பங்களின் ஸ்டீரியோவை ஹெட்ஃபோனில் போட்டால் குரலெல்லாம் ஒரு காதில், வாத்தியமெல்லாம் இன்னொரு காதில் கேட்கும். இரண்டு ட்ராக்கில் பதிவு செய்ததால் வந்தது அது. உங்களுக்கு ஒட்டாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 1967 வரை அவர்கள் கூடவே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் செய்தது மோனோ மிக்ஸ்தான் (இரண்டு காதிலும் ஒரே ஒலி வரும் பதிப்பு), ஸ்டீரியோவை ஒலிப்பதிவாளர்கள் பெரும்பாலும் பிற்பாடு வேகமாக முடித்தார்கள். மோனோ பதிப்பு கிடைத்தால் அதையே கேளுங்கள், கிடைக்காவிட்டால் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு அறையில் ஸ்பீக்கரில் போடுங்கள். பிங்க் ஃப்ளாய்டுக்கும் லீட்ஸ் கச்சேரிக்கும் நேரெதிர், அவற்றுக்கு நல்ல ஹெட்ஃபோன் வேண்டும். ஃபோன் ஸ்பீக்கரில் மட்டும் எதையும் கேட்காதீர்கள். அதில் பேஸ் வராது, மேலே நான் சொன்னதில் பாதி உங்களுக்குக் கேட்கவே கேட்காது.